தனித்தீவுக்கு எட்டே எட்டு இசைத்தட்டு!

உங்களோடு ஒரு சின்ன விளையாட்டு விளையாடலாமா?

நடுக்கடலில் ஒரு தீவு. மனித நடமாட்டமே கிடையாது. குடிக்கச் சுனைத் தண்ணீர் இருக்கிறது. பசிக்குத் தேங்காயும் மீனும் உண்டு. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்லை. கப்பல் எப்போது வரும்... வருமா, வராதா... அதுவும் தெரியாது. அந்தத் தீவுக்கு நீங்கள் எட்டே எட்டு இசைத்தட்டுகளை மட்டும் எடுத்துப் போகலாம் என்றால், எந்த எட்டை எடுப்பீர்கள்?

''என்ன டாக்டர்! வழக்கமா மூட்டுவலி, சர்க்கரை, மலச்சிக்கல்னு எழுதுவீங்க. இன்னிக்கு பாட்டு, தீவுன்னு கிளம்பிட்டீங்களே!'' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதுவும் வைத்தியம்தான். படித்து முடிக்கும்போது நீங்களே ஒரு நோட்டும் பேனாவுமாக உட்காருவீர்கள் பாருங்கள்.

குண்டுமழைக்கு நடுவே பிறந்த விளையாட்டு

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ராய் ப்ளோம்லி என்கிற ஆங்கிலேயர். 1941-ம் வருடம், நவம்பர் மாதம். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஒருநாள் இரவு, தூங்கப் போகிற வேளையில் அவருக்கு இந்த யோசனை உதித்தது. உடனே உட்கார்ந்து பி.பி.சி. வானொலிக்குக் கடிதம் எழுதிப் போட்டார். 1942 ஜனவரி 29-ம் தேதி முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. பெயர், 'டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'. முதல் விருந்தாளி, விக் ஆலிவர் என்ற நகைச்சுவை நடிகர்.

அப்போதெல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுகள்தான். ஒரு பக்கம் மூன்று, நாலு நிமிடம் ஓடினால் அதிகம். எனவே, 'தீவில் ஒரு கிராமபோனும், தீர்ந்தே போகாத அளவுக்கு ஊசிகளும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று விருந்தாளிக்கு ஒரு சலுகை! 1951 முதல் கூடுதலாக ஒரு புத்தகமும் ஒரு ஆடம்பரப் பொருளும் கொண்டுபோகலாம் என்று விதி தளர்ந்தது. பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவிலேயே இருக்கும். ஆடம்பரப் பொருள் உயிருள்ளதாக இருக்கக்கூடாது. தப்பி வருவதற்கு உதவுகிற பொருளாகவும் இருக்கக்கூடாது.

ப்ளோம்லி 1985-ல் இறக்கும்வரை அவரேதான் இதை நடத்தினார். அவருக்குப் பிறகு மைக்கேல் பார்க்கின்ஸன், ஸூ லாலி, கிர்ஸ்டி யங், 2018 முதல் லாரன் லவெர்ன் என்று கைமாறி, 80 ஆண்டுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அந்தத் தீவுக்குப் 'போய்' வந்துவிட்டார்கள்! எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காப் என்ற புகழ்பெற்ற பாடகி, 1958-ல் எட்டில் ஏழு தன்னுடைய குரலாகவே தேர்ந்தெடுத்தாராம்!

இவ்வளவு காலம் இது நிலைத்ததற்கு என்ன காரணம்? பாட்டு ஒரு சாக்குதான். 'இந்தப் பாட்டு ஏன்?' என்று கேட்டதுமே அம்மா வருவார், பள்ளிக்கூடம் வரும், முதல் காதல் வரும், பறிகொடுத்த பிள்ளை வரும். நேராகக் கேட்டால் வாயைத் திறக்காதவர்கள்கூட, பாட்டு வழியாகக் கேட்டால் மனசைத் திறந்துவிடுகிறார்கள். நாடி பிடிக்கிற எங்களுக்கே இது நல்ல பாடம்.

நிஜமாகவே தீவில் இருந்தவர்

கற்பனைத் தீவு இருக்கட்டும். நிஜமாகவே தனித்தீவில் மாட்டிக்கொண்ட ஒருவரின் கதையைக் கேளுங்கள். அலெக்ஸாண்டர் செல்கிர்க், ஸ்காட்லாந்து நாட்டு மாலுமி. 1704-ல் கப்பல் கேப்டனோடு சண்டை போட்டதால், சிலி நாட்டுக்கு மேற்கே ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் ஒன்றில் தனியாக இறக்கிவிடப்பட்டார். நாலு வருடத்துக்கும் மேல் தன்னந்தனியே வாழ்ந்தார். 1709 பிப்ரவரியில்தான் இன்னொரு கப்பல் வந்து மீட்டது. 1719-ல் வெளியான 'ராபின்ஸன் குரூஸோ' நாவலுக்குத் தூண்டுதலாக இருந்தவர் என்று சொல்லப்படுபவர் இவர்தான். அந்தத் தீவுக்கே இப்போது ராபின்ஸன் குரூஸோ தீவு என்றுதான் பெயர்.

செல்கிர்க்கை மீட்ட கேப்டன் வுட்ஸ் ரோஜர்ஸ் எழுதிவைத்த குறிப்பில் இரண்டு விஷயங்கள் ஒரு வைத்தியனின் கண்ணுக்குப் படாமல் போகாது. ஒன்று, பேசி வெகுநாள் ஆனதால் செல்கிர்க்குக்குப் பேச்சே தடுமாறியது. வார்த்தைகள் பாதி பாதியாக வந்தன. இரண்டாவது, ஆரம்ப மாதங்களில் அவரைப் பிடித்து ஆட்டிய துக்கத்திலிருந்து அவர் மீண்டதைப் பற்றியது. பைபிள் படித்தார், பிரார்த்தனை செய்தார், பக்திப் பாடல்களைத் தானே பாடினார். தான் பழக்கிய பூனைகளோடும் ஆட்டுக்குட்டிகளோடும் சேர்ந்து ஆடிப் பாடுவாராம்!

கிராமபோன் இல்லை, ஊசி இல்லை. தொண்டை ஒன்றுதான் இருந்தது. அதுவே அவருக்கு மருந்தானது.

நம் வீட்டுக்குள்ளேயே தீவுகள்

தனித்தீவுக்கு நாம் எங்கே போகப் போகிறோம் என்கிறீர்களா? சுற்றிப் பாருங்கள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மூன்று பெட்ரூம் ஃபிளாட்டில் தனியாக ஒரு அப்பா. அது ஒரு தீவு. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிற பாட்டி... அதுவும் தீவு. 'உள்ளே யாரும் வரக்கூடாது' என்ற போர்டு மாட்டிய தீவிர சிகிச்சைப் பிரிவு, அதைவிடப் பெரிய தீவு. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்கிறது.

எல்லாவற்றிலும் கொடிய தீவு ஒன்று உண்டு. மறதி நோய். பெற்ற பிள்ளையின் பெயரே நழுவிப்போகும் அல்ஸைமர் போன்ற நோயில், மனிதர் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பார். ஆனால், நம்மால் அவரிடம் போய்ச்சேர முடியாது. அந்தத் தீவுக்குப் போய்வரும் ஒரு சின்னப் படகு, பாட்டு.

ஜெர்மனியில் லைப்ஸிக் நகர ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, வெகுகாலமாகப் பழகிய இசையின் நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதிகள், அல்ஸைமரில் மற்றப் பகுதிகளைப் போல வேகமாகச் சேதமாவதில்லை என்று கண்டார்கள். காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோனவர், ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாட்டின் சரணத்தை அட்சரம் பிசகாமல் பாடுவதன் ரகசியத்துக்கு இது ஒரு விளக்கம்.

'பெருசுகளுக்கு பக்திப் பாட்டு போதுமே!'

என்னிடம் சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். நெல்லைப் பக்கத்துக்காரர். வயது 78. மறதி நோய் என்று நரம்பியல் டாக்டர் உறுதிசெய்து மாத்திரை கொடுத்திருந்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமானால் போதும்... ''வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்'' என்று வாசலுக்கும் அடுக்களைக்கும் நடப்பாராம். குளிக்கவைப்பது தினம் ஒரு யுத்தம். ''தூக்கத்துக்கு ஏதாவது மருந்து கொடுங்க'' என்று கேட்டார் மருமகள்.

''வீட்டில் பாட்டு வைக்கிறது உண்டாம்மா?''

''காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பக்திப் பாட்டு ஓடுது, டாக்டர். வயசானவங்களுக்கு வேற என்ன?''

''அவருக்குச் சின்ன வயசில் என்ன பாட்டு பிடிக்கும்?''

மகன் மருமகளைப் பார்த்தார். மருமகள் மகனைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிவிட்டது. அவரையே கேட்கலாம் என்றால், கேள்வி உள்ளே போகும் வாசல் அடைத்துவிட்டது.

அடுத்த மாதம் ஊரிலிருந்து அவருடைய தங்கை வந்தார். அவர்தான் போட்டு உடைத்தார். ''எங்க அண்ணனுக்கு நாதஸ்வரம்னா கிறுக்கு, தாயி. கோயில் கொடையில மேளம் ஆரம்பிச்சா, விடியிற வரைக்கும் தவில்காரர் பக்கத்துலயே உக்காந்திருக்கும். காருகுறிச்சியார் வாசிக்காகன்னா எந்த ஊருன்னாலும் சைக்கிளை எடுத்துட்டுப் போயிரும்!''

காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் காலமானவர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடுகிற அந்த நாதஸ்வரம் அவருடையதுதான். நம் பெரியவருக்கு அப்போது பதினேழு வயதுக்குள்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, அவர் நடக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த நாதஸ்வரத்தை மெல்லிசாக வைக்கச் சொன்னேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள், நாற்காலிக் கையில் அவர் விரல் தாளம் போட்டதாம். ஒரு வாரத்தில், அந்த அரைமணி நேரம் வாசலுக்குப் போகாமல் உட்கார்ந்தார். பிறகு குளியலையும் அந்த நேரத்துக்கே மாற்றினார்கள், யுத்தம் குறைந்தது. மகன் பெயர் திரும்ப வந்ததா? இல்லை. நோய் குணமானதா? அதுவும் இல்லை. அலோபதி மாத்திரையை நான் நிறுத்தவும் இல்லை. ஆனால், அந்த வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பக் கிடைத்தது. மகனும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடப் பழகிக்கொண்டார்.

ஆராய்ச்சிகளும் ஏறத்தாழ இதையேதான் சொல்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2018-ம் வருட அறிக்கைப்படி, மறதி நோயாளிகளுக்கு இசை சிகிச்சை மனச்சோர்வையும் நடத்தைக் கோளாறுகளையும் குறைக்கக்கூடும். ஆனால், நினைவாற்றலை மீட்டுத் தருவதாகத் தெரியவில்லை. எனவே, 'பாட்டு கேட்டால் மறதி ஓடிவிடும்' என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

பிரிட்டனில் ஸாலி மேக்னஸன் என்ற பத்திரிகையாளர், மறதி நோய் கண்ட தன் தாயார் பாட்டுக்கு மட்டும் மலர்வதைப் பார்த்து, 2013-ல் 'ப்ளேலிஸ்ட் ஃபார் லைஃப்' என்று ஒரு தொண்டு அமைப்பே தொடங்கினார். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைப் பாட்டுகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் வேலை. ஆக, வானொலி விளையாட்டாகத் தொடங்கிய யோசனைக்கு மருத்துவ உலகில் ஒரு தங்கை பிறந்துவிட்டாள்!

நம் ஊருக்கும் இது புதிதல்ல

புறநானூறு 281-ம் பாடலை எழுதியவர் அரிசில் கிழார். போரில் விழுப்புண் பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டில் என்னென்ன செய்தார்கள் என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். கூடவே யாழும் குழலும் இசைத்து, காஞ்சிப் பண் பாடுகிறார்கள். வேப்பிலைக்கும் புகைக்கும் பக்கத்திலேயே பாட்டையும் மருந்தாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

2015-ல் 'லான்ஸெட்' மருத்துவ இதழில் 73 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆபரேஷனை ஒட்டி இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது என்று எழுதினார்கள். அரிசில் கிழார் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

இன்னொன்று. சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்று படித்திருக்கிறோம். சிறுநீர், மலம், தும்மல், இருமல், கொட்டாவி இவற்றோடு கண்ணீரும் அந்தப் பட்டியலில் உண்டு. பாட்டு கேட்டு அம்மாவோ அப்பாவோ கண் கலங்கினால், பதறிப்போய் உடனே நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுது முடித்து முகம் தெளிந்தால் நல்லது. அழுகை நிற்காமல் கலக்கம் கூடினால் மட்டும் அந்தப் பாட்டை மாற்றிவிடுங்கள்.

எட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதுதான் முக்கியமான கட்டம். 'உலகத்திலேயே உசத்தியான பாட்டு எது?' என்று யோசித்தால் தப்பு. 'என்னுடைய பாட்டு எது?' என்று யோசிக்கவேண்டும். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் பதிந்த நினைவுகள்தான் பெரும்பாலோருக்கு ஆழமாக நிற்கின்றன என்பது மனநூல் வல்லுநர்கள் கண்டது. எனவே அந்த வயதில் வீட்டில், டீக்கடையில், ரேடியோவில் என்ன ஓடியது என்று தேடுங்கள்.

உதாரணத்துக்கு என் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன்.

1. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். 1963-ல் வந்த இசைத்தட்டு. எங்கள் தெருவுக்கே அலாரம்!

2. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. என் அப்பாவின் சொத்து; எனக்கு அது மட்டும்தான் பாகமாக வந்தது.

3. 'கர்ணன்' (1964). விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அம்மா முணுமுணுத்த பாட்டுகள்.

4. 'திருவிளையாடல்' (1965). கே.வி.மகாதேவன். பாட்டோடு வசனமும் மனப்பாடம்.

5. 'முள்ளும் மலரும்' (1978). பள்ளிக்கூட நாட்கள்.

6. 'சிந்து பைரவி' (1985). வீட்டில் எல்லோரும் ஒற்றுமையாகக் கேட்ட ஒரே கேஸட்.

7. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986). பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி விடுதியில், மருந்துச் சரக்கு பெயர்களை உருப்போடும்போது ஓடியது. இன்றைக்கும் அந்த வயலின் கேட்டால் எனக்கு திரிகடுக வாசனை வரும்!

8. 'ரோஜா' (1992). ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் தமிழ்ப்படம். எனக்கும் வாழ்க்கை தொடங்கிய காலம்.

பார்த்தீர்களா? எட்டில் நாலு என் இளமையில் வந்தவை. மீதி நாலு அம்மா, அப்பா, தெரு கொடுத்தவை. உங்கள் பட்டியலும் இப்படித்தான் அமையும். உங்கள் அம்மாவின் பட்டியல் வேறு. மாமியாரின் பட்டியல் வேறு. வாதத்துக்குக் கொடுக்கிற மருந்தைப் பித்தத்துக்குக் கொடுப்போமா?

வானொலியில் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள். 'அலை வந்து எல்லாவற்றையும் அடித்துப் போகிறது. ஒன்றை மட்டும் காப்பாற்றலாம், எதை?' இதையும் மறக்காமல் கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னால் ஒரு மௌனம் வரும். அவசரப்படாமல் காத்திருங்கள்.

அளவும் பத்தியமும்

எந்த மருந்துக்கும் அளவு உண்டு. பாட்டுக்கும் உண்டு.

* நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். நாள் முழுக்க ஓடினால் அது வெறும் இரைச்சல். அரைமணி நேரம், குறித்த வேளையில், டி.வி.யை அணைத்துவிட்டு வையுங்கள்.

* சத்தம் மிதமாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் பேசுவது காதில் விழவில்லை என்றால், சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

* காது மந்தமானவர்களுக்கு வால்யூமைக் கூட்டுவதற்கு முன், காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். ஹியரிங் எய்டு இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

* முகத்தைச் சுளித்தாலோ, காதைப் பொத்தினாலோ, எழுந்து போனாலோ அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள். துக்க வீட்டை ஞாபகப்படுத்துகிற பாட்டாக இருக்கலாம்.

* கேட்பதோடு நிற்காமல் கூடவே பாடுங்கள். சுருதி சேராவிட்டால் என்ன? செல்கிர்க்கின் பூனைகள் குறை சொல்லவில்லையே!

* டாக்டர் கொடுத்த எந்த மருந்தையும் பாட்டை நம்பி நிறுத்தக்கூடாது. திடீர்க் குழப்பம், காய்ச்சலோடு உளறல், ஒரு பக்கம் கை கால் வராமை இவையெல்லாம் பாட்டு வைக்கிற நேரமல்ல. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரம்.

இன்றைக்கே கேளுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருத்துவ ஃபைல் இருக்கும். ரத்த வகை, அலர்ஜி, ஈ.சி.ஜி. எல்லாம் அதில் இருக்கும். அதில் இன்னொரு தாள் சேர்த்துவிடுங்கள். மேலே பெயர். கீழே எட்டுப் பாட்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'ஏன்' என்று ஒரு வரி. கடைசியில், கூடவே வைத்துக்கொள்ள ஒரு புத்தகம், ஒரு பொருள். அது பழைய வெற்றிலைப் பெட்டியாக இருக்கலாம், தாத்தாவின் துண்டாகக்கூட இருக்கலாம்.

''பட்டியல் போடுங்கப்பா'' என்றால் எந்த அப்பாவும் போடமாட்டார். ''எதுக்குடா இதெல்லாம்!'' என்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, வெற்றிலை போடுகிற நேரத்தில், ''நீங்க முதன்முதலா கொட்டகையில பார்த்த படம் எதுப்பா? அதுல எந்தப் பாட்டு பிடிச்சுது?'' என்று ஆரம்பியுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார். பேரப்பிள்ளைகளிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர்கள்தான் அந்தப் பாட்டுகளை செல்போனில் தேடிப் பிடித்துத் தருவார்கள்.

அந்த நெல்லைப் பெரியவருக்கு ஒரு தங்கை இருந்தார், பதில் கிடைத்தது. தங்கையும் இல்லாத வீடுகள் எத்தனையோ. பதில் சொல்லக்கூடியவர் இன்றைக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேள்வியை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அவர் பட்டியலை எழுதி முடித்ததும், தாளைத் திருப்பி மறுபக்கத்தில் உங்களுடைய எட்டையும் எழுதிவையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகளும் தேடுவார்கள் அல்லவா?